கழுகு வேஷத்தோடு கஞ்சி ஊட்டுகிறவள்: ஒரு ஹோகார்த் அச்சுப்படம் வாங்கிய அனுபவம்

ஒரே படத்தை இரண்டு தடவை வாங்கினேன். முதல் தடவை ஆன்லைனில், ஏ4 அளவு, 850 ரூபாய். இரண்டாவது தடவை அசல் அளவில் பருத்திக் காகிதத்தில் அடித்து, பிரேம் போட்டு, எல்லாம் சேர்த்து 4,100 ரூபாய். முதலில் வாங்கியதைப் போல யாரும் வாங்கிவிடக் கூடாது, இரண்டாவதைப் போலச் செய்துகொள்வது பெரிய கஷ்டம் இல்லை, இந்த இரண்டையும் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் படத்துக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் அளவு ஏன் முக்கியம் என்பதைப் புரியவைக்க முடியாது. அதனால் கொஞ்சம் நீளும்.

படம் ஆங்கிலேய ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1738இல் லண்டனில் வெளியிட்ட ‘Strolling Actresses Dressing in a Barn’. ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் நடிகைகள் ஒரு தானியக் கொட்டகைக்குள் வேஷம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மேடையோ கூட்டமோ படத்தில் இல்லை. நாடகம் தொடங்குவதற்கு முந்தைய நேரம், திரைக்குப் பின்னால். நையாண்டிப் படம் என்றுதான் எல்லோரும் வகைப்படுத்துகிறார்கள். எனக்கு விற்றவர்களும் ‘பழங்கால நகைச்சுவை ஓவியம்’ என்றுதான் போட்டிருந்தார்கள்.

நான் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் ப்ரீ-பிரஸ் வேலையில் 19 வருடமாக இருக்கிறேன். பிளேட் போகுமுன் கோப்பைப் பார்த்துச் சரிசெய்கிறவள். அம்மா ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்த்ரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி பக்கம் திருவிழா நாடகங்களில் 26 வருடம் ஆடினார். சின்ன வயதில் பங்குனி, சித்திரை மாதங்களில் நான் அதிகம் தூங்கியது டிரங்குப் பெட்டிகளுக்கு நடுவே, சீன் துணிக்குப் பின்னால் வேஷம் கட்டுகிற கீற்றுத் தட்டிக்குள். அச்சுத் தொழிலும் அந்தக் கீற்றுத் தட்டியும் தவிர வேறு எதையும் எனக்கு ஆழமாகத் தெரியாது. இந்தப் படத்தில் அந்த இரண்டுமே இருக்கின்றன. செல்போனில் முதல் தடவை பார்த்தபோது பஸ்ஸில் இருந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

நடுவில் டயானா, ரோமானியரின் வேட்டைத் தெய்வம். நெற்றிக்கு மேல் பிறை. உடம்பில் உள்ளாடை மட்டும். பாவாடைக்கு விரிவு கொடுக்கும் வளையம் காலடியில் கழன்று கிடக்கிறது. அந்தக் கோலத்திலும் மேடையில் நிற்கப்போகிற நிலையை நின்று பார்த்துக்கொள்கிறாள். ஃபுளோரா, பூக்களின் தெய்வம், உடைந்த கண்ணாடி முன் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு தலைக்கு மாவு தூவுகிறாள். தேவர்களின் அரசி ஜூனோ தள்ளுவண்டியில் காலை நீட்டிக்கொண்டு வசனம் பார்க்கிறாள். இரவுத் தேவதையாக வேஷம் கட்டிய இன்னொருத்தி அந்தக் காலிலேயே கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். மேலே, மேடையில் இறங்க வேண்டிய அட்டை மேகத்தின் மீது துவைத்த காலுறைகள் காய்கின்றன. சூரியக் கதிர் கிரீடம் வைத்த அப்பல்லோ வில்லால் அதைச் சுட்டிக்காட்ட, சிறகு கட்டிய பையன் ஏணியில் ஏறி எடுக்கப் போகிறான். ஒருவனுக்குப் பல்வலி, கடற்கன்னி வேஷக்காரி ஜின் சாராயம் கொடுக்கிறாள். அலைகளை உருட்டும் மரச்சக்கரத்தின் மேல் கோழி அடைந்திருக்கிறது. பேய் வேஷம் போட்ட இரண்டு குழந்தைகள் பீர்க் குவளைக்குப் போட்டி போடுகிறார்கள். ஒரு குரங்கு தலைக்கவசத்துக்குள் மூத்திரம் பெய்கிறது.

கீழே இடதுபுறம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தேவர்களின் அரசன் ஜூபிடரின் கழுகு வேஷம். தலையில் அலகோடு கூடிய கழுகு முகம், உடம்பில் இறகு. அவள் மடியில் கைக்குழந்தை. குழந்தைக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். குழந்தை அவள் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுகிறது. கஞ்சிச் சட்டி இருப்பது ஒரு ராஜ கிரீடத்தின் மேல். பக்கத்திலேயே ஒரு தாள்: நாடோடி நடிகர்களுக்கு எதிரான நாடாளுமன்றச் சட்டம்.

அந்தத் தாளில் எழுத்து இருக்கிறது, படிக்க முடியும். ஏ4 பிரதியில் அது வெறும் கறுப்புக் கோடு. என் முதல் புகாரே அதுதான்.

அசலின் அளவு ஏறக்குறைய 43 செ.மீ. உயரம், 55 செ.மீ. அகலம். ஏ4 என்பது 21க்கு 29.7. பரப்பளவில் கால்வாசி. சாதாரண ஓவியத்தைக் கால்வாசியாகச் சுருக்கினால் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான். இதுபோலச் செம்புத் தகட்டில் கோடு கீறி அச்சடித்த படத்தில் அப்படி இல்லை. அதில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. அமிலம் அரித்த கோடும் உளி கீறிய கோடும்தான். கோடு நெருங்கினால் இருட்டு, விலகினால் வெளிச்சம். குழிக்குள் மையை ஏற்றி, மேல்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளைக்கு இடையில் அழுத்தி எடுப்பார்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள வெற்றுக் காகிதம்தான் அந்தக் கொட்டகையின் வெளிச்சம். சுருக்கும்போது அந்த இடைவெளி அடைத்துக்கொள்கிறது. எனக்கு வந்த பிரதியில் வலதுபுற நிழல் முழுக்க மை அப்பிக் கிடந்தது. குரங்கு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. லூப் எனும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோடே இல்லை, நிறத்தைப் பொடிப் பொடியாகப் பிரித்து அடிக்கிற ஸ்க்ரீன் புள்ளி. அதுவும் எங்கிருந்தோ எடுத்த சின்னக் கோப்பைப் பெரிதாக்கி, கூர்மைப்படுத்தி அடித்தது. கோடும் புள்ளியும் மோதி, ஜூனோவின் பாவாடையில் பட்டுச் சேலை மாதிரி அலை அலையாக ஒரு மினுமினுப்பு. அவள் உடையில் அப்படி ஒரு மினுமினுப்பே கிடையாது.

அடுத்தது, ஓரம். கீழே படத்தின் பெயரும் ஹோகார்த் பெயரும் உள்ள வெள்ளை விளிம்பை வெட்டியிருந்தார்கள். விற்பனையாளரிடம் கேட்டேன். ‘பிரேமுக்குச் சரியாக வர வெட்டுவோம் மேடம்’ என்று பதில். பணத்தைத் திருப்பித் தரவில்லை. இன்னொரு பிரதி அனுப்பினார்கள், அதே கோப்பிலிருந்து. அவர்களிடம் கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் ‘ஹோகார்த் அச்சுப்படம்’ என்று போட்டு விற்கிறவர்கள் யாராக இருந்தாலும் பணம் கொடுப்பதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள்: அளவு என்ன, விளிம்பு இருக்கிறதா, கோப்பு எந்த அருங்காட்சியகத்தின் பிரதியிலிருந்து எடுத்தது. மூன்றாவதற்குப் பதில் வரவில்லை என்றால் வாங்காதீர்கள்.

விளிம்பை வெட்டியது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்தியது என்று சொல்லிவிடுகிறேன். ஹோகார்த் தன் படத்தைத் தானே அச்சிட்டு விற்றவர். பிறர் படங்களைத் திருட்டுத்தனமாக நகலெடுத்து மலிவாக விற்பது அப்போது சர்வ சாதாரணம். அதை எதிர்த்து அவரும் இன்னும் சில கலைஞர்களும் நாடாளுமன்றத்திடம் மனுப் போட்டு 1735இல் ஒரு சட்டம் வாங்கினார்கள். செதுக்கியவருக்கு 14 வருட உரிமை. அதை இன்றும் ஹோகார்த் சட்டம் என்றே சொல்கிறார்கள். இந்தப் படத்தை அவர் தனியாக விற்கவில்லை. லண்டனின் காலை, நண்பகல், மாலை, இரவு என்று நான்கு படங்கள் வரைந்தார், அவற்றோடு ஐந்தாவதாக இது. முன்பதிவு செய்தால் ஐந்துக்கும் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். பாதி முன்பணம், மீதி படம் கைக்கு வரும்போது. பிந்தி வந்தவர்களுக்குப் படம் ஒன்று 5 ஷில்லிங், ஐந்துக்கு 25 ஆகிவிடும். காலண்டருக்கு முன்பதிவு எடுக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் இந்தக் கணக்கை உடனே புரிந்துகொள்வார்கள். தன் பெயரோடு படம் போக வேண்டும் என்று சட்டம் வரைக்கும் போன மனிதரின் பெயரைக் கட்டிங் மெஷினில் வெட்டிப் போட்டால் எனக்கு வலிக்கத்தான் செய்யும்.

வண்ணத்தில் தீட்டிய மூல ஓவியம் 1874இல் தீயில் போய்விட்டது. நமக்கு மிஞ்சியது தகட்டிலிருந்து எடுத்த தாள்கள்தான். ஆகவே இந்தப் படத்தைப் பொறுத்தவரை அச்சுதான் அசல்.

சரி, அந்தச் சட்டத் தாள். 1737இல் இங்கிலாந்தில் நாடக உரிமச் சட்டம் வந்தது. பிரதமர் ராபர்ட் வால்போலையும் அவருடைய ஆட்சியையும் மேடையில் கிழித்துக்கொண்டிருந்த நாடகங்களை அடக்க வந்த சட்டம். ஹென்றி ஃபீல்டிங் நாடகம் எழுதுவதை விட்டது அதோடுதான். புது நாடகம் எதுவானாலும் அரண்மனை அதிகாரி படித்துப் பார்த்து அனுமதிக்க வேண்டும். உரிமம் இல்லாமல் கூலிக்கு நடிப்பவர்கள் ஊர்சுற்றிப் போக்கிரிகளாகக் கருதப்படுவார்கள். லண்டனில் உரிமை பெற்ற பெரிய அரங்குகள் பிழைத்துக்கொண்டன. ஊர் ஊராகப் போனவர்கள் வயிற்றில் அடி. படத்தில் ஒரு நாடக நோட்டீஸும் கிடக்கிறது: லண்டனிலிருந்து வந்த கம்பெனி, ஜார்ஜ் சத்திரத்தில், சட்டம் அமலுக்கு வருமுன் கடைசி ஆட்டம். அதாவது இந்தப் பெண்கள் எல்லோரும் கட்டிக்கொண்டிருப்பது கடைசி வேஷம். நாளைக்கு இந்தக் கழுகு முகத்தை அவள் மாட்டினால் குற்றம். படம் வெளிவந்த 1738இல் சட்டம் ஏற்கெனவே அமலில் இருந்தது, ஆகையால் வாங்கியவர்களுக்கு இது முடிந்துபோன ஓர் இரவு. நாடகத்தை முன்கூட்டித் தணிக்கை செய்யும் அந்த அதிகாரம் இங்கிலாந்தில் 1968 வரைக்கும் நீடித்தது.

அதே அரசாங்கம் நமக்கும் 1876இல் நாடகச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. எங்கள் சிவகாசியில் பிறந்த நாடக நடிகர் விசுவநாததாஸ் முருகன் வேஷத்திலேயே தேசப் பாட்டுப் பாடிப் பல தடவை சிறைக்குப் போனவர். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில், மேடையிலேயே மயில் மேல் உயிரை விட்டார். அம்மா செட்டில் ஆர்மோனியப் பெட்டி மேல் அவர் படம் ஒன்று எப்போதும் இருக்கும், சங்கரதாஸ் சுவாமிகள் படத்துக்குப் பக்கத்தில். கஞ்சிச் சட்டிக்குப் பக்கத்தில் சட்டத் தாளை ஹோகார்த் வைத்தது எனக்கு உறைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது பிரதிக்கு வருகிறேன். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இந்தப் படத்தின் அந்தக் காலத் தாள்கள் இருக்கின்றன. மெட்ரோபாலிடன் 2017இலிருந்து உரிமை முடிந்த படங்களின் கோப்புகளை யார் வேண்டுமானாலும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. பெரிய கோப்பாகப் பார்த்து இறக்கிக்கொள்ளுங்கள். 55 செ.மீ. அகலத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வேண்டுமென்றால் 6,500 பிக்சல் தேவை. சுவரில் மாட்டிக் கை நீட்டும் தூரத்தில் பார்ப்பதற்கு 4,000 பிக்சலும் தாங்கும். அதற்கும் கீழே இருந்தால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், செயற்கையாகப் பெரிதாக்காதீர்கள். காகிதத்தின் பழுப்பை நீக்கி வெள்ளையாக்கச் சொல்லாதீர்கள். கூர்மைப்படுத்தும் வேலையே வேண்டாம்.

மதுரையில் கல்யாண ஆல்பம் அடிக்கிற ஒரு லேபில் கொடுத்தேன். 310 ஜிஎஸ்எம் பருத்திக் காகிதம், பிக்மெண்ட் மை. அங்கே இருந்த பையன் என்னைவிடப் பொறுமைசாலி. முதலில் கையகல ப்ரூஃப் எடுத்துக் காட்டினான். அதில் நிழல் கொஞ்சம் அடைத்தது. அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் அந்த நிழலைத் திறந்தோம். ஃபுளோராவின் மெழுகுவத்திச் சுடரைச் சுற்றிக் கோடு விலகுவது தெரிந்ததும் ‘அக்கா, போதும், இதுக்கு மேல தொட்டா கெட்டுரும்’ என்றான். சரியான இடத்தில் நிறுத்தினான். அச்சுக்கு 2,300, பிரேமுக்கு 1,800. பிரேம் போடுகிறவரிடம் மட்டும் விளிம்பை மவுண்ட் அட்டையால் மூடக் கூடாது என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கண்ணாடி சாதாரணம்தான் போட்டிருக்கிறார், ஜன்னல் வெளிச்சம் பட்டால் எதிரொளிக்கிறது. பிரதிபலிக்காத கண்ணாடி கேட்டு வாங்குங்கள்.

குறை என்றால், எந்த இங்க்ஜெட் பிரதியிலும் தகட்டு அச்சின் மேடு வராது. அசலில் விரல் வைத்தால் மை காகிதத்துக்கு மேல் நிற்பது தட்டுப்படும். இதில் வழவழப்பாக இருக்கிறது. இந்த விலைக்கு அதை எதிர்பார்க்க முடியாது.

படத்தின் மேலேயே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மேடை ரத்தத்துக்காக ஒரு பூனையின் வாலை வெட்டுகிறார்கள். குரங்கு, பேன் எடுப்பது, இதெல்லாம் சேர்ந்து ‘பாருங்கள், தேவதைகளின் லட்சணத்தை’ என்று பணம் கொடுத்து வாங்கியவர்களைச் சிரிக்க வைக்கத்தான். வேஷத்துக்கும் ஆளுக்கும் உள்ள இடைவெளியைக் காட்டி ஏளனம் செய்வது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களின் பழக்கம். ஆனால் அவர் கைகளைச் சரியாக வரைந்திருக்கிறார். தைக்கிற கை, மாவு தூவுகிற கை, ஊட்டுகிற கை. எவளும் சும்மா இல்லை. அந்தக் கொட்டகையில் சும்மா இருக்கிற ஒரே ஆள் கூரைமேல் இருக்கிறான். ஓட்டை வழியாக, உடை மாற்றுகிறவர்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அம்மாவிடம் படத்தைக் காட்டியபோது நான் அவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு 71 வயது, கண்ணில் புரை எடுத்தாயிற்று. கட்டில் ஓரத்தில் படத்தைச் சாய்த்து வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் மேலேதான் பார்த்தார்.

“ஓட்டை இருக்கு பாரு” என்றார். “சேலையை மறச்சுக் கட்டாம விட்டுட்டாளுக.”

அது உண்மை. ஊருக்குப் போய் இறங்கியதும் அம்மா பெட்டியைத் திறக்கமாட்டார். தட்டியைச் சுற்றி வந்து கீற்று எங்கே விலகியிருக்கிறது என்று பார்த்து, பழைய சேலையைக் கட்டுவார். டான்ஸ் ஆடுகிற அக்கா ஊசி நூலோடு பின்னாலேயே போவாள். அந்த வேலை முடிந்த பிறகுதான் முகத்தில் பூசுகிற முத்துவெள்ளையைக் குழைப்பார்கள். பத்து மணிக்கு ஆர்மோனியம் ஆரம்பித்தால் விடியும்வரை. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்த்ரீபார்ட், பபூன் எல்லோரையும் தனித்தனியாகத்தான் பேசி வரவழைப்பார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. சில நாள் எதிரில் நின்று நடிக்கப்போகிறவர் யார் என்பதே அந்தத் தட்டிக்குள்தான் தெரியும். ஆனாலும் சேலை கட்டுவதற்கு யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பிறகு ஜூனோவைப் பார்த்தார். “வசனமும் பாக்குறா, தையலும் ஆகுது. கெட்டிக்காரி.” பூனையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கடைசியாகத்தான் இடது மூலைக்கு வந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இந்தப் பிள்ளை பசிக்கு அழுகல. ஆளு தெரியாம அழுகுது.”

“அலகைக் கழட்டிட்டு ஊட்டலாம்லம்மா?”

“எங்கிட்டு நேரம்? பெல் அடிச்சிருப்பாங்க. கழட்டுனா திரும்பக் கட்டணும்ல.” கொஞ்சம் பொறுத்து, “நீயும் அப்படித்தான். ரோஸ் பவுடரு, புருவம், எல்லாம் போட்டுட்டு உன்னையத் தூக்குனா நீலம் பூத்துப்போற மாதிரி கத்துவ. மிருதங்கக்காரரு சம்சாரந்தான் சொல்லிக்குடுத்தா, பேசிக்கிட்டே தூக்கு, முகத்தை விடு, குரலு தெரிஞ்சா பிள்ளை அடங்கிரும்னு. அதுக்கப்புறம் பாட்டுல வார வசனத்தையே உங்கிட்டச் சொல்லிக்கிட்டே தூக்குவேன்” என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. அம்மா விரலைக் கண்ணாடிமேல் வைத்து அந்தக் கழுகு முகத்தைத் தொட்டார்.

“இவ வாயில அலகு இருக்கே. எப்படிப் பேசுவா.”

படம் இப்போது அம்மாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. உட்கார்ந்தபடியே இடது மூலை தெரிய வேண்டும் என்றார், வழக்கத்தைவிட ஓர் அடி இறக்கி ஆணி அடித்தேன். அம்மாவோடு பபூனாக ஆடிய மாமா ஒருவர் புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறார். வந்து பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறார். அவருக்குப் பார்வை இன்னும் மங்கல், அதனால் இரண்டு அடிக்கு மூன்று அடி கேட்கிறார். அந்த அளவுக்கு என்னிடம் உள்ள கோப்பு தாங்காது, இதைவிடப் பெரிய ஸ்கேன் தேடிக்கொண்டிருக்கிறேன். லேப் பையனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.